மூன்று நாள் இரைந்த கணினி: கொக்கட்டிச்சோலையில் ஒரு சுமைச் சோதனை

கொக்கட்டிச்சோலைச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஓர் அறை. இந்த ஜனவரியின் மூன்றாவது வாரத்தில் அதற்குள் ஒரு பழைய மேசைக் கணினி மூன்று நாட்களாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்துகள் ஓடுகின்றன, விசிறி இரைகிறது, முன்னால் எவரும் இல்லை. கையில் ஒரு பொலித்தீன் பையோடு வந்த அம்மா ஒருவர் வாசலில் நின்றபடியே கேட்டார்: “ஆருமில்லாம ஏன் மகன் இது இப்பிடி இரையுது?”

கணினி திருத்தும் தம்பிதான் பதில் சொன்னார். “இதுக்கு நோவு குடுத்துப் பாக்கிறம் அம்மா, தாங்குதா எண்டு.”

“தாங்காட்டி?”

“தாங்காட்டி உங்கட கடுதாசிய இதுக்குள்ள வெக்க மாட்டம்.”

அம்மா பையைத் திறக்கவே இல்லை. “அப்ப நான் பிறகு கொண்டாறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பைக்குள் இருந்தது 1991ஆம் ஆண்டின் ஒரு முறைப்பாட்டுப் பிரதியும் ஒரு சத்தியக்கடதாசியும். இந்தப் பகுதி இளைஞர்கள் சிலர், அமைப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளாமல், குடும்பங்களிடம் இருக்கும் இப்படியான ஆவணங்களை ஸ்கான் செய்து சேர்த்து வருகிறார்கள். மரணச் சான்றிதழ்கள், செஞ்சிலுவைச் சங்க அட்டைகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களின் கார்பன் பிரதிகள், கரப்பான் தின்ற புகைப்படங்கள். நான் ஊடகக் கற்கை படித்தவன், பொறியியலாளன் அல்ல. பட்டியல் தயாரிக்கவும் விபரங்களைச் சரிபார்க்கவும் கூட நின்றேன். அந்த வேலையின் நடுவில்தான் இந்தச் சோதனையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

ஆவணம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதைப் படுவான்கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜனவரி 28இல் விசேட அதிரடிப்படையின் சுற்றிவளைப்பில் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்படப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12இல், குண்டுவெடிப்பில் இரண்டு படையினர் இறந்த பிறகு, மகிழடித்தீவிலும் அதை அண்டிய கிராமங்களிலும் மறுபடியும் கொலைகள் நடந்தன. இரண்டாவது சம்பவத்தை விசாரிக்க அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அது கணக்கிட்ட பொதுமக்களின் உயிரிழப்பு 67. ஊர்க்கணக்கு 150ஐத் தாண்டுகிறது. இராணுவ நீதிமன்றம் பொறுப்பதிகாரியை, கீழுள்ளவர்களைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் உடல்களைச் சட்டவிரோதமாக அகற்றியமைக்காகவும் பதவி நீக்கியது. ஏனையோர் விடுவிக்கப்பட்டார்கள். 67க்கும் 150க்கும் இடையில் இருப்பவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றால், அந்த அம்மாவின் பொலித்தீன் பை போன்றவற்றில்தான் இருக்கிறார்கள்.

அதை ஒரு கணினிக்கு மாற்றுவது பாதுகாப்பு என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். எந்தக் கணினிக்கு என்பதைக் கேட்பதில்லை.

இப்போது இந்தக் கேள்வி எழுந்ததற்கு ஒரு உடனடிக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. இனிப் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், மேலதிக ஆதரவுத் திட்டத்தில் பதிந்திருந்தாலொழிய, அடைக்க ஆளில்லை. வின்டோஸ் 11க்கு மாறலாம்தான். ஆனால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருளும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸரும் வேண்டும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் தொடர்பகங்களிலும் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் கைக் கணினிகள். அவற்றில் பல இந்தத் தகுதியைத் தொடாது. ஆகவே இரண்டு வழி: பழையதையே ஓட்டிக்கொண்டு இருப்பது, அல்லது இலவசமான லினக்ஸுக்கு மாறுவது. இந்த இளைஞர்கள் மாறத் தீர்மானித்தார்கள். மாறிய கையோடு ஆவணங்களை ஏற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பி விடவில்லை.

“அண்ணே, நம்மட கோயில் கல்லு நந்திக்கே புல்லுக் குடுத்துத்தானே பாத்தவங்க” என்றார். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை இடிக்க வந்த போர்த்துக்கேயருக்கு முன்னால் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணம் போட்ட கதையைத்தான் சொன்னார். கதையின் உண்மை பொய் ஒருபுறம் இருக்கட்டும், உவமை பொருத்தமாகத்தான் இருந்தது.

சுமைச் சோதனை என்றால் என்ன? கணினி சாதாரணமாகச் செய்யாத அளவு வேலையை, அதற்கு ஓய்வு கொடுக்காமல், வேண்டுமென்றே கொடுப்பது. புரொசஸரின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடவிடுவது. நினைவகத்தை நிரப்பி அழித்து நிரப்புவது. ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகளை உருவாக்கி நீக்குவது. லினக்ஸில் இதற்கென்றே ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட விதங்களில் அது இயங்குதளத்தைப் படுத்தும். இன்னொன்று பிரைம்95. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கணினியிடம் கொடுத்து, விடை ஒரு இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். 2016இன் தொடக்கத்தில் இன்டெலின் ஸ்கைலேக் புரொசஸர்கள் சில கடும் கணக்குகளில் உறைந்து நிற்பது இந்த மென்பொருளை ஓட்டியவர்களால்தான் வெளியே வந்தது. இன்டெல் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. இதற்கும் முன்னர், வின்டோஸ் என்.ரி. உருவான நாட்களில், மைக்ரோசொப்ட் ஊழியர்கள் இரவில் வீட்டுக்குப் போகும்போது தங்கள் கணினிகளில் சோதனையை ஓடவிட்டுப் போவார்கள். காலையில் வந்து எத்தனை விழுந்து கிடக்கின்றன என்று எண்ணுவதுதான் அன்றைய முதல் வேலை.

சும்மா கிடக்கும் கணினி நல்ல கணினியாகவே தெரியும். வின்டோஸ் 95இல் ஒரு பிழை இருந்தது. நிறுத்தாமல் 49.7 நாட்கள் ஓடினால் அது உறைந்துவிடும். மில்லி செக்கன்களை எண்ணும் ஓர் எண்ணி அன்றைக்கு நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுவதுதான் காரணம். பல ஆண்டுகளாக எவருக்கும் இது தெரியவில்லை. ஏனென்றால் அந்த வின்டோஸ் அதற்கு முன்னரே வேறு ஏதாவது காரணத்துக்காக விழுந்து, மறுபடி தொடங்கப்பட்டுவிடும்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய உதாரணம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு, யுத்தத்திலிருந்து. 1991 பெப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையை அங்கிருந்த அமெரிக்க பேட்ரியட் தொகுதி இடைமறிக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அந்தத் தொகுதியின் கணினி 100 மணித்தியாலங்களுக்கு மேல் நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது. ஒரு செக்கனின் பத்திலொரு பங்கைக் கணினி தன் எண்முறையில் சரியாக எழுத முடியாததால் ஏற்பட்ட மிகச்சிறிய பிசகு, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கூடி, கடைசியில் செக்கனில் மூன்றிலொரு பங்காக ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். எட்டு மணித்தியாலம் ஓடினாலே பிசகு தெரிகிறது என்று இஸ்ரேலியர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பெப்ரவரி 26ஆம் திகதி. அடுத்த நாள். இடையில், அதிக நேரம் ஓடவிட வேண்டாம் என்று பாவனையாளர்களுக்கு ஓர் அறிவித்தல் போயிருந்தது. எவ்வளவு நேரம் அதிக நேரம் என்று அதில் இல்லை. அத்தொகுதி நீண்டகாலம் ஓரிடத்தில் நின்று ஓடும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. எண்ணாததால் சோதிக்கவில்லை.

இனி எங்கள் அறைக்கு வருகிறேன்.

முதல் நாள் நினைவகச் சோதனை. மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருள் இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே தனியாக ஓடி, ரேமின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கும். முதல் மூன்று சுற்றும் பிழையின்றிப் போயின. நான்காவது சுற்றில் மூன்று சிவப்பு வரிகள். இரண்டு ரேம்களில் ஒன்று பழுது. நான்கு மாதங்களாக அதே கணினியில் நாங்கள் வேலை செய்திருக்கிறோம், ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. பழுதான ரேமின் குணம் அதுதான். அது கணினியை எப்போதும் நிறுத்துவதில்லை. கோப்பு ஒன்றைப் பிரதி பண்ணும்போது எங்கோ ஒரு பூச்சியத்தை ஒன்றாக மாற்றிவிட்டு மௌனமாக இருந்துவிடும். அந்த நான்கு மாதத்தில் ஸ்கான் செய்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பதினொரு கோப்புகள் திறக்கவில்லை. அவற்றில் ஒன்பதின் மூலப்பிரதிகள் குடும்பங்களிடம் இருந்தன. மற்ற இரண்டும் வெளிநாடு போன பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியில் எடுத்து அனுப்பியவை. அவர்களிடம் மறுபடி கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது நாள் வெக்கை. படுவான்கரையில் ஆடி மாதக் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரைக்குக் கீழ் மனிதரே இருக்க முடியாது. ஜன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, நடுப்பகலில் முழுச் சுமையும் கொடுத்து ஆடியைத் தையிலேயே அறைக்குள் கொண்டுவந்தோம். இருபது நிமிடத்தில் புரொசஸர் 97 பாகை செல்சியஸைத் தொட்டது. வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கணினி தானாக அணைந்தது. திறந்து பார்த்தால், வெப்பம் கடத்தும் பசை காய்ந்து உதிர்கிறது, விசிறிக்குள் பஞ்சுபோல் தூசி. துடைத்து, புதுப் பசை பூசி, மறுபடி ஓடவிட்டதில் 82 பாகையில் நின்றது. இதற்குச் செலவு கொஞ்சம்தான். ஆனால் இதே கணினி ஓகஸ்டில், ஏதோ ஒரு குடும்பத்தின் ஆவணத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்திருந்தால் என்ன கணக்கு?

மூன்றாவது நாள் மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருளானதை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். அது ஞாயிற்றுக்கிழமை. மின் தேவை குறைவான நாள். சுமை கூடிய வேளையில் மட்டும்தான் தொகுதிகள் விழும் என்பதில்லை. எப்படியோ, எங்கள் ஊரில் மின்வெட்டுக்குக் குரங்கும் தேவையில்லை, ஒரு மழை போதும். கோப்புகள் பிரதியாகிக் கொண்டிருக்கும்போது இருபது தடவை பிளக்கைப் பிடுங்கினோம். லினக்ஸ் இருபது தடவையும் திரும்ப எழுந்தது. எழுதி முடித்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதினாறாவது தடவை, அந்த நேரத்தில் திறந்திருந்த அட்டவணைக் கோப்பு பூச்சியம் பைற் ஆகிவிட்டது. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. யார் எந்தக் கிராமம், எந்த ஆவணம் எங்கே என்ற மொத்தப் பட்டியலும் அந்த ஒரு கோப்பில்தான். சோதனைக்கென்று போட்ட பிரதி என்பதால் மூச்சு விட்டோம். யூ.பி.எஸ். நான்கு நிமிடம் தாங்கியது. பெட்டியில் போட்டிருந்தது இருபது.

இவை எந்த நாட்டிலும் வரக்கூடிய பிழைகள். தமிழுக்கென்றே வந்த ஒன்றை நான் எங்கும் வாசித்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய வின்டோஸ் தட்டிலிருந்து லினக்ஸுக்குக் கோப்புகளை மாற்றும்போது சில மட்டும் போகாமல் நின்றன. பெயர் நீளம் என்றது கணினி. எங்களுக்கு விளங்கவில்லை, அதே பெயரோடு வின்டோஸில் பல மாதம் கிடந்தவைதானே? விடயம் இதுதான். வின்டோஸ் ஒரு கோப்புப் பெயரில் 255 குறியீடுகளை அனுமதிக்கிறது. லினக்ஸ் அனுமதிப்பது 255 பைற். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைற் என்பதால் வித்தியாசமே தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைற். அதிலும் எங்கள் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதில் பாதிக்கு மேல் கணினிக்கு இரண்டு குறியீடு: மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கொம்பும் காலும் தனி. ‘கொக்கட்டிச்சோலை’ என்று எழுதினால் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15 குறியீடு, லினக்ஸுக்கு 45 பைற். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், ஆளின் பெயர், திகதி, இன்ன பத்திரம், இத்தனையாம் பக்கம் என்று பொறுப்பாகப் பெயரிட்ட கோப்புகள்தான் எல்லையைத் தாண்டி வெளியே நின்றன. அக்கறையில்லாமல் ஸ்கான்1, ஸ்கான்2 என்று போட்டவை எல்லாம் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. நகர்த்தும் கட்டளை ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திராவிட்டால், விடுபட்டவை விடுபட்டே போயிருக்கும். பழைய தட்டை அழித்து வேறு வேலைக்கு எடுப்பதாகவும் இருந்தோம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய மனுக்கள் புதிய இயங்குதளத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்தன. இது அநேகருக்குத் தெரிந்த தலையிடி. எழுத்துருவை நிறுவி, யுனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

எந்தச் சோதனை நூலிலும் கச்சானும் தமிழ்ப் புள்ளியும் இருக்காது. எங்கள் நிலைமையில் ஒரு தொகுதி தாங்குமா என்பதை நாங்கள்தான் சோதிக்க வேண்டும். இதையே அரசாங்கத்தை நோக்கியும் கேட்க வேண்டியிருக்கிறது.

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் முகில் சேவை, கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றினால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால், வலையமைப்பில் இணைந்திருந்த நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த நகல் அந்த மூன்று மாதத்துக்கும் இல்லை. ஒரு நாளாவது, இப்போது எல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு நகலிலிருந்து மீட்டுப் பார்ப்போம் என்று ஒத்திகை பார்த்திருந்தால், இந்த ஓட்டை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வறிய நாட்டின் குறைபாடு என்று இதைத் தள்ளவும் முடியாது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு இற்றைப்படுத்தல், உலகம் முழுவதும் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அந்த இற்றைப்படுத்தலைச் சரிபார்க்க ஒரு மென்பொருள் இருந்தது, பிழை அதற்குள்ளேயே இருந்தது. 78 நிமிடத்தில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. விழுந்த கணினிகளையோ பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் ஒரு சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இது ஒரு செய்தியாகவே ஆகியிருக்காது.

இப்போது இலங்கை, இந்தியாவின் உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டையை நோக்கிப் போகிறது. 2022 மார்ச்சில் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆட்சிகள் மாறியும் தொடர்கிறது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கு கவ்பே வந்தது. நான் இவற்றை எதிர்ப்பவன் அல்ல. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக மண்முனையில் ‘பாதை’ வரும்வரை வெயிலில் காத்து நின்ற தலைமுறை எங்களுக்கு முந்தியது. பாலம் திறந்தது 2014இல்தான். ஆனால் யுத்தத்தில் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் உறவுகளையும் இழந்தவர்களுக்கு, ‘சிஸ்டத்தில் உங்கள் பெயர் இல்லை’ என்ற ஒரு வசனம் மற்றவர்களுக்குப் போன்றதல்ல. காட்டுவதற்கு அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை. தகப்பன் பெயரோடு சேர்ந்த நீளமான தமிழ்ப் பெயர்களை அந்தத் தரவுத்தளம் முழுமையாக ஏற்கிறதா? பட்டிப்பளைப் பிரதேச செயலகத்தில் மின்சாரமும் இணைப்பும் இரண்டு நாள் இல்லாவிட்டால் உத்தியோகத்தர் எதைப் பார்த்துப் பதில் சொல்வார்? நகலிலிருந்து மீட்கும் ஒத்திகை எப்போது நடந்தது, எத்தனை மணித்தியாலம் எடுத்தது? திறப்பு விழாப் படங்களை வெளியிடுகிறவர்கள் இந்தச் சோதனை முடிவுகளையும் மூன்று மொழியிலும் வெளியிடலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். நான் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் பழுதான ரேம் கழற்றப்பட்டு, கணினி இன்னொரு நாள் முழுக்க ஓடி, பிழையின்றி நின்றது. அட்டவணை இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று எந்தக் கணினியோடும் தொடுக்கப்படாமல் வேறொரு வீட்டு அலுமாரியில். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து, அந்தப் பட்டியலைக் கடதாசியிலும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஒரு பைற் மாறினாலும் எண் மாறிவிடும்.

நினைவு நாளுக்கு முதல் நாள், 27ஆம் திகதி பின்னேரம், அந்த அம்மா பையோடு திரும்ப வந்தார். “இப்ப இரையல்லத்தானே?” என்று கேட்டபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஸ்கான் முடிந்ததும் தம்பி கோப்புக்குப் பெயரிடத் தொடங்கினார். வழக்கப்படி எல்லாவற்றையும் சேர்த்தால் நீளம் எல்லையைத் தாண்டுகிறது. முதலெழுத்தை மட்டும் போடலாமா என்று கேட்டார்.

“பெயரச் சுருக்காதீங்க மகன்.”

ஊரையும் ஆண்டையும் கோப்புறைக்கு மாற்றிவிட்டு, மகனின் பெயரையும் தகப்பனின் பெயரையும் முழுமையாகக் கோப்பில் எழுதினோம். 162 பைற் வந்தது. அம்மா திரையில் அதை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு மூலப்பிரதிகளை மடித்துப் பைக்குள் வைத்தார். இங்கே அலுமாரி இருக்கிறது, வைத்துவிட்டுப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“வேணாம் மகன், இது என்னட்டயே இருக்கட்டும்” என்று பையின் வாயை முடிந்துகொண்டு எழும்பினார்.